18ஆம் தெருவில் ஒரு பகலுணவு

வெளிநாடு சென்று திரும்பியவரிடம் நம்மவர் முதலாவதாகக் கேட்பது, "அங்கே சாப்பாட்டிற்கு என்ன செய்தீர்கள்?" என்பதே. வானளாவிய கட்டடங்களையும் கடல்போன்ற ஏரிகளையும் பற்றிய கேள்விகளெல்லாம் அதற்குப் பின்னரே வரும். 2024ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நவம்பர் முடிய, அமெரிக்க நாட்டின் சிகாகோ மாநகரில், விடுமுறையில் சென்ற குரு நண்பர் ஒருவருக்கு மாற்றாகப் பணியாற்றிவிட்டுத் திரும்பிய நம்மையும் பங்கு மக்கள் இக்கேள்வியோடுதான் எதிர்கொண்டனர். "மக்காச்சோளம் தின்றோம்" என்று விடையிறுத்தோம். கேட்டவர்கள் கலகலவென்று நகைத்தார்கள்.

அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. நம் பகுதியில் மக்காச்சோளம் என்றால் நாமக்கல்லுக்கு லாரியில் ஏறும் கோழித்தீவனம். மிஞ்சினால் கடற்கரையில் தணலில் வாட்டி விற்கும் கதிர். அதை மூன்று வேளையும் மனிதர் உண்பதாகச் சொன்னால் நகைப்பு எழுவது இயல்பே. அங்குச் செல்லும்வரை நாமும் அவ்வாறு நகைத்தவர்தாம். அந்நகைப்பு நம்மிடம் எவ்வாறு அடங்கியது என்பதைத்தான் வாசக அன்பர்களுக்கு ஈண்டுச் சொல்ல விழைகின்றோம்.

பில்சன் என்னும் பேட்டை

நாம் தங்கியிருந்த பகுதிக்குப் பில்சன் என்று பெயர். நகரின் நடுவிடத்திலிருந்து தென்மேற்கே, உயர்பாலத்தின்மீது ஓடும் இரயிலில் சிறிது நேரப் பயணம். அங்கு வாழ்வோருள் பெரும்பாலோர் மெக்சிக்கோ நாட்டு வழியினர். ஆயினும் பெயரோ மெக்சிக்கப் பெயரன்று. 19ஆம் நூற்றாண்டில் பொகீமியாவிலிருந்து பிழைப்பு நாடி வந்த செக் மக்கள், தம் தாயகத்துப் பில்சன் நகரின் நினைவாக இட்ட பெயர் அது. அவர்கள் எழுப்பிய செங்கல் வீடுகளும் நெடிய கோபுரங்களையுடைய கோயில்களும் இன்றும் நிற்கின்றன. பின்னர்ப் போலந்து நாட்டவர் முதலானோர் வந்தனர். 1950களிலும் 1960களிலும் மெக்சிக்கர் பெருகினர். அவர்களுள் பலர், அண்மையிலிருந்த வேறொரு பகுதியில் பல்கலைக்கழகம் ஒன்றை அமைப்பதற்காக வீடுகள் இடிக்கப்பட்டபோது இருப்பிடம் இழந்து இங்குப் பெயர்ந்தவர்கள். பிழைக்க வந்தவர் விட்டுச்சென்ற வீட்டிலே, பிழைக்க வந்த வேறொருவர் விளக்கேற்றுவதே இப்பேட்டையின் வரலாறு எனலாம்.

18ஆம் தெரு இதன் கடைவீதி. சுவர்களிலே ஆளுயரத்திற்கும் மேலான வண்ண ஓவியங்கள்; ரொட்டிக் கடைகள்; பலசரக்குக் கடை வாசலில் கூடை கூடையாய் உலர்ந்த மிளகாய். 1531ஆம் ஆண்டில் ஹுவான் தியேகோ என்னும் எளிய பூர்வகுடி மனிதருக்குக் காட்சியளித்த குவாதலூப்பே அன்னையின் படத்தைச் சிகை திருத்தும் கடையிலும் காணலாம். வண்டிச் சக்கரம் பழுதுபார்க்கும் கொட்டிலிலும் காணலாம். அடுத்த தெருவில், 1987ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மெக்சிக்கக் கலைக்கான தேசிய அருங்காட்சியகம் இருக்கின்றது. நுழைவுக் கட்டணம் இல்லை. ஏழை எளியவர் வாழும் பேட்டையில் கலைக்கூடத்தின் கதவு காசின்றித் திறந்திருப்பதைக் கண்டு உள்ளம் மகிழ்ந்தோம்.

முதல் திங்கட்கிழமை

குருமனையில் சமையல் செய்யும் அம்மையாருக்குத் திங்கட்கிழமை ஓய்வு நாள். ஆதலின் அன்று பகலுணவிற்கு வெளியே செல்ல வேண்டியதாயிற்று. பெரிய உணவகங்களின் விலைப்பட்டியலை வாயிலிலேயே நின்று வாசிப்பதும், டாலரை ரூபாயாக்கி மனத்துள் பெருக்கிப் பார்ப்பதும், திடுக்கிட்டு அப்பால் நகர்வதுமாக நெடுந்தூரம் நடந்தோம். ஈற்றில் ஒரு தெருமுனையில் ஐந்தாறு மேசைகளே கொண்ட சிறு கடையொன்று கண்ணிற்பட்டது. கண்ணாடியில் கையால் எழுதிய விலைகள் நமக்கு ஓரளவு துணிவளித்தன. உள்ளே நுழைந்தோம்.

பதினெட்டு, பத்தொன்பது வயது மதிக்கத்தக்க பெண்ணொருத்தி நம் கழுத்துப்பட்டையைக் கண்டதும், "வாருங்கள், பாத்ரே!" என்றழைத்து, சன்னலோரத்து மேசையைக் காட்டி, "மேசா" என்றாள். நமக்கு வியப்பாயிருந்தது. போர்த்துக்கீசியர் நம் கரையில் விட்டுச்சென்ற 'பாதிரி'யும் 'மேசை'யும், அவர்தம் அண்டை நாட்டாராகிய இஸ்பானியர் வழியாய் இக்கடைக்கும் வந்து சேர்ந்திருக்கின்றன! இரண்டு சொற்களும் பழகியவையாய் இருக்கவே, ஊர் புதிதென்னும் அச்சம் பாதி நீங்கிற்று.

அமர்ந்த சில நொடிகளில் அப்பெண் சோளத்தில் செய்த வறுவல் ஒரு கூடையும், மூன்று கிண்ணங்களில் மூன்று நிறத் துவையலும் கொணர்ந்து வைத்தாள். அத்துவையலுக்குச் சல்சா என்று பெயர். நாம் எதையும் கேட்கவில்லை. கேளாமல் வைத்துவிட்டுப் பின்னர் விலைச்சீட்டில் சேர்த்துவிடும் தந்திரம் இது என்று நம் சிற்றறிவு உரைத்தது. "நாம் இதைக் கேட்கவில்லையே, எடுத்துச் செல்லலாம்" என்றோம், சற்றுக் கண்டிப்பாகவே. அவள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு ஒன்றும் பேசாமல் கூடையை எடுத்துக்கொண்டாள். கிண்ணங்களை மட்டும் விட்டுச் சென்றாள்.

பட்டியலை எடுத்தோம். தாக்கோ என்பதே அக்கடையின் தலையாய உணவு. தோர்த்தீயா எனப்படும் சோள ரொட்டி, உள்ளங்கை அகலத்தில் மெல்லியதாய் இருக்கும். அதன்மீது இறைச்சியோ காய்கறியோ வைத்து, நறுக்கிய வெங்காயமும் கொத்துமல்லித் தழையும் தூவி, எலுமிச்சை பிழிந்து, இரண்டாக மடித்துக் கையால் உண்பது. கரண்டியும் கத்தியும் வேண்டா என்றறிந்ததும் நம் கைகள் மகிழ்ந்தன. வகைகளோ பத்துக்கு மேல். 'லெங்குவா' என்றிருந்தது ஒன்று. குருமடத்தில் கற்ற இலத்தீன் இங்குக் கைகொடுத்தது. லிங்குவா எனில் நாவு. மொழி எனினும் ஆம். மொழியை யாரும் சமைப்பதில்லை ஆதலின் இது மாட்டு நாவே எனத் தெளிந்து, அதில் ஒன்றும், 'கார்னீத்தாஸ்' எனப்படும் பன்றியிறைச்சியில் ஒன்றும், 'நொப்பாலெஸ்' என்பதில் ஒன்றும் கேட்டோம். பின்னது யாதென்று நமக்கு விளங்கவில்லை.

வந்த பின்னர் விளங்கிற்று. நம் கரிசல் காட்டு வேலியோரங்களில் மண்டிக்கிடக்கும் சப்பாத்திக்கள்ளியின் இனமே அது! அதன் இளமடலை முள் நீக்கி, கீற்றுக்கீற்றாய் அரிந்து வதக்கியிருந்தார்கள். வெண்டைக்காயைப் போன்ற வழவழப்பு, இலேசான புளிப்பு. சிறு வயதில் அக்கள்ளியின் பழத்தைத் தின்று வாயெல்லாம் சிவக்க வீடு திரும்பி அடி வாங்கியது நினைவிற்கு வந்தது. அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்த அச்செடி நம் நாட்டில் காடுபோல் பரவியதால், 1920களில் அதனை அழிக்க ஒருவகைப் பூச்சியை விட்டார்கள். நாம் பூச்சிக்கு உணவாக்கியதை அவர்கள் மேசைக்கு உணவாக்கியிருக்கின்றார்கள்.

அடுத்து நிகழ்ந்ததைச் சொல்ல நாணமாயிருக்கின்றது. மூன்று கிண்ணங்களுள் செம்மஞ்சள் நிறத் துவையலை நாம் எடுத்தபோது, "பாத்ரே, அது மிகுந்த காரம்" என்று அப்பெண் எச்சரித்தாள். "குழந்தாய், நாம் மிளகாய் நாட்டிலிருந்து வருகின்றோம்" என்று பெருமையோடு மொழிந்து, ஒரு கரண்டி அள்ளி இட்டுக்கொண்டோம். ஹபனேரோ என்னும் அம்மிளகாய் நம் பெருமையை அரை நிமிடத்தில் அடக்கிற்று. கண்களில் நீர் தாரையாய் வழிந்தது, காதுகள் அடைத்தன. அந்நேரம் அவள் ஒரு சிறு குவளையில் வெண்ணிறப் பானம் கொணர்ந்து முன்னே வைத்தாள். அரிசியை ஊறவைத்து அரைத்து, சர்க்கரையும் கருவாப்பட்டையும் சேர்த்த பானம் அது. ஓர்ச்சாத்தா என்பது அதன் பெயர். இம்முறை நாம் மறுக்கவில்லை.

விலைச்சீட்டு வந்தது. மூன்று தாக்கோவும் ஒரு புளிப் பானகமும் சேர்த்து 14 டாலர். அந்நாளைய மதிப்பில் ஏறத்தாழ 1,170 ரூபாய். ஓர்ச்சாத்தாவுக்கு விலை போடப்படவில்லை. 14 டாலரையும் சரியாக எண்ணி வைத்துவிட்டு, மலிவாக உண்டோம் என்னும் நிறைவோடு வெளியேறினோம்.

கோயில் பிள்ளை சொன்ன கணக்கு

அன்று மாலை இதையெல்லாம் நம் கோயில் பிள்ளையிடம் சுவைபடக் கூறினோம். எழுபதைக் கடந்த முதியவர். மெக்சிக்கோவின் மிச்சோவாக்கான் மாநிலத்தில் பிறந்து, இளமையிலேயே இங்கு வந்து தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். அவர் பொறுமையோடு கேட்டுவிட்டு, "பாத்ரே, அந்த வறுவலுக்கு யாரிடமும் காசு வாங்குவதில்லை. வீட்டிற்கு வந்தவருக்கு நீங்கள் தண்ணீர் கொடுப்பீர்களல்லவா? அதுபோல" என்றார். பிறகு, "பரிமாறிய பெண்ணுக்கு எவ்வளவு வைத்தீர்கள்?" என்று வினவினார். "வைப்பதா?" என்றோம்.

அவர் கணக்கை விளக்கினார். அந்நகரில் அப்போது ஒரு மணி நேர வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி 16 டாலர் 20 சென்ட். ஆனால் உணவகத்தில் பரிமாறுவோர்க்கு 11 டாலரும் சில காசுகளும் கொடுத்தாலே சட்டப்படி போதும். எஞ்சியதை உண்பவர் வைக்கும் டிப்ஸ் நிரப்பும் என்பது ஏற்பாடு. நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது வரை வைப்பது வழக்கம். அதை வைக்காது எழுந்து வருபவர், மலிவாக உண்டவர் அல்லர். பரிமாறியவரின் கூலியில் ஒரு பங்கை உண்டவர்.

இரவு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. காரமே காரணம் என்று நம்மை நாமே தேற்றிக்கொள்ள முயன்றோம்.

சுண்ணாம்பும் சோளமும்

அடுத்த திங்களன்று கோயில் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு அக்கடைக்குச் சென்றோம். அப்பெண்ணிடம் நம் அறியாமையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு, முன்னைய உணவிற்கும் சேர்த்து உரியதை வைத்தோம். அவள் சிரித்துவிட்டாள். "பாத்ரே, உங்களிடம் பணம் இல்லையென்று நினைத்துவிட்டேன். வறுவலைக்கூட வேண்டாமென்றீர்களே! அதனால்தான் ஓர்ச்சாத்தா கொண்டுவந்தேன்" என்றாள்.

நாம் அவளை ஏமாற்றுக்காரியென்று எண்ணினோம். அவளோ நம்மை ஏழையென்று எண்ணினாள். இருவர் எண்ணத்திற்கும் இடையேயுள்ள தொலைவை வாசகரே அளந்துகொள்க.

கடையின் உரிமையாளர் அவள் தாயார். நாம் சோளத்தைப் பற்றி ஆர்வத்தோடு வினவுவதைக் கண்டு, சமையற்கட்டிற்குள்ளேயே அழைத்துச் சென்றார். மற்ற நாள்களில் அருகிலுள்ள ஆலையிலிருந்து மாவு வாங்குவாராயினும், வாரத்தில் இரண்டு நாள் தாமே சோளம் அவிப்பாராம். பெரிய அண்டாவில் முற்றிய சோளமணிகள் மஞ்சள் நீரில் மூழ்கியிருந்தன. புதிதாய் வெள்ளையடித்த சுவரில் மழைத்துளி விழும்போது எழும் மணத்தைப் போன்றதொரு மணம் வீசிற்று. "இது என்ன?" என்றோம். "சுண்ணாம்பு" என்றார்.

வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் நாட்டிலிருந்து சென்ற நமக்கே அது புதுமையாயிருந்தது. சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுதும் ஊறவிட்டு, காலையில் தேய்த்துக் கழுவினால் மேல்தோல் வழுவிப் போகின்றது. பின்னர் அதை அரைத்தால் ஒட்டும் பதமுள்ள மாவாகின்றது. இவ்வாறு பதப்படுத்திய சோளத்திற்கு நிஷ்டமால் என்று பெயர். மெக்சிக்கோவின் பழங்குடிப் பெண்டிர் மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே கண்டறிந்த முறை என்பர். அண்டாவின் அருகே மாடத்தில் மூன்று கால்களையுடைய கருங்கல் ஒன்று இருந்தது. அதன்மீது நீண்ட குழவி. நம் வீட்டு அம்மியேதான்! மெத்தாத்தே என்பார்கள். அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த தட்டைக் கல்லோ நம் தோசைக்கல்லின் உடன்பிறப்பு.

இச்சுண்ணாம்பிற்குப் பின்னே ஒரு துயர வரலாறு உண்டு. 16ஆம் நூற்றாண்டு தொடங்கிச் சோளம் ஐரோப்பாவெங்கும் பரவியது. மலிவான தானியம், மிகுந்த விளைச்சல். ஏழைகளின் உணவாக அது நிலைத்தது. ஆனால் தானியத்தைக் கொண்டுசென்றவர்கள், அதைச் சமைத்த பெண்டிர் அறிந்திருந்த முறையைக் கொண்டுசெல்லவில்லை. சுண்ணாம்பில் அவித்துத் தோல் நீக்குவதைப் பாமரரின் வீண் வேலையென்று கருதினர் போலும். விளைவு யாது? 1735ஆம் ஆண்டில் இஸ்பானிய மருத்துவர் காஸ்பர் கசால் என்பவர், தம் நாட்டு ஏழைகளிடையே ஒரு விந்தை நோயைக் கண்டார். தோல் தடித்துச் சிவந்து உரிந்தது, வயிறு கெட்டது, ஈற்றில் மதி மயங்கி மாண்டனர். இத்தாலியர் அதற்குப் 'பெல்லாக்ரா' எனப் பெயரிட்டனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் சோளமே முதன்மை உணவாயிருந்த ஏழைகளை அந்நோய் வாட்டிற்று. அது தொற்றுநோய் அன்று, உணவுக் குறையால் வருவது என்பதை 1914ஆம் ஆண்டு முதலாக ஆராய்ந்து நிறுவியவர் ஜோசப் கோல்ட்பர்கர் என்னும் மருத்துவர். நியாசின் என்னும் உயிர்ச்சத்தின் குறைவே அதற்குக் காரணம் என்பது 1937ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. சோளத்தில் அச்சத்து இருக்கின்றது. ஆனால் உடல் ஏற்க இயலாதவாறு கட்டுண்டு கிடக்கின்றது. கட்டை அவிழ்ப்பது சுண்ணாம்பு நீர். அப்பெண்டிர் வேதியியல் கற்றவர் அல்லர். ஆனால் தம் மக்களை நோயின்றி வளர்த்தார்கள்.

தானியத்தை ஏற்றுக்கொண்டு, அதைச் சமைத்த கையை மதியாது விட்டதால் வந்த கேடு இது. நாம் முதல் திங்களன்று செய்த பிழையும் இதன் சிறு உருவமே என்று அச்சமையற்கட்டில் நின்றபோது உணர்ந்தோம்.

மற்றொன்றும் நினைவிற்கு வந்தது. 1970களின் பிற்பகுதியில் நாம் தொடக்கப் பள்ளியில் பயின்றபோது, அமெரிக்காவிலிருந்து உதவியாக வந்த மஞ்சள் மாவைக் கிண்டி மதியவேளையில் கொடுப்பார்கள். தட்டேந்தி வரிசையில் நின்று வாங்கி உண்டோம். பசிக்கு அது அமிழ்தமாய் இருந்ததுண்டு; ஆயினும் கிடைப்பதை உண்ணவேண்டிய நிலையில் இருக்கிறோம் என்ற கூச்சம் அச்சிறு வயதிலும் இருந்தது. அந்தச் சோளம் வந்த நாட்டில், அதே சோளத்தை, இக்கடையில் உழைப்பாளிகள் தம் கூலியில் வாங்கி, மேசையில் அமர்ந்து, பெயர் சொல்லி அழைக்கப்பட்டு, சிரித்துப் பேசி உண்கின்றார்கள். ஒரு மணி நேரக் கூலிக்குள் ஒருவர் வயிறார உண்டு எழலாம். மலிவான உணவகம் ஊருக்கு ஆற்றும் தொண்டு இதுவென்று கண்டோம். வயிறு நிறைவதோடு மானமும் காக்கப்படுகின்றது.

நிற்க. உணவருந்துகையில் கோயில் பிள்ளை, "எங்கள் உணவு உங்கள் நாட்டவர்க்குப் பிடிக்குமா?" என்று கேட்டார். நாம் மேசையை நோக்கினோம். மிளகாய், தக்காளி, மக்காச்சோளம். பழக்கூடையில் கொய்யா, பப்பாளி. இவையாவும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து கப்பலேறி நம்மிடம் வந்தவை. மிளகாயைப் போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் கொணர்வதற்கு முன் நம் முன்னோர் மிளகையே காரத்திற்குக் கொண்டனர். புதிய காயையும் மிளகின் பெயராலேயே மிளகாய் என்றனர். இனி, நாம் அருந்திய புளிப் பானகமோ அங்கிருந்து வந்ததன்று. 'தமரிந்தோ' என்னும் அதன் பெயரே 'இந்தியப் பேரீச்சை' என்று பொருள்படும் அரபுச் சொல்லின் திரிபு. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் இடையே ஓடிய இஸ்பானியக் கப்பல்கள் ஆசியப் பொருள்களை மெக்சிக்கோவிற்குக் கொணர்ந்தன, மனிதரையும் கொணர்ந்தன. இந்தியாவில் பிறந்து, அடிமையாய்ப் பிடிக்கப்பட்டு, மணிலா வழியாய் மெக்சிக்கோவின் புவெப்லா நகரில் விற்கப்பட்ட கத்தரீனா தே சான் ஹுவான் என்னும் பெண்மணி, தம் பக்தி வாழ்வால் அந்நகர மக்களின் பெருமதிப்பைப் பெற்று 1688ஆம் ஆண்டில் மறைந்தார். ஆசியர் யாவரையும் சீனர் என்றே அழைத்த அந்நாளில் அவரும் 'சீனப் பெண்' எனப்பட்டார். இதை நாம் சொல்லியபோது கோயில் பிள்ளை, "அப்படியானால் நீங்கள் விருந்தாளி அல்லர், பாத்ரே, உறவினர்" என்றார்.

நவம்பர் 2

அதன்பின் எல்லாத் திங்கட்கிழமைகளும் அக்கடைக்கே உரியவாயின. அக்டோபர் இறுதியில் அங்கு ஒரு மாற்றம் கண்டோம். சுவரோரமாக மூன்று படிகள் அமைத்து, வெண்துணி விரித்து, துலுக்கச் சாமந்தி மலர்களால் அழகு செய்திருந்தார்கள். மெழுகுதிரிகளும், ஒரு தட்டு உணவும், ஒரு குவளை நீரும் இருந்தன. நடுவில் ஒரு முதிய மாதின் நிழற்படம். அவர் முன்னே, சமையற்கட்டு மாடத்தில் இருந்த அம்மி. இக்கடையைத் தொடங்கிய பாட்டியார் அவரென்று அறிந்தோம்.

நாமும் நவம்பர் 2ஆம் நாள் கல்லறைகளுக்குச் சுண்ணாம்படித்து, சாமந்தி சாத்தி, மெழுகுதிரி ஏற்றுகின்றோம். அத்துலுக்கச் சாமந்தியும் மெக்சிக்கோவில் தோன்றிய மலரே என்பதை அன்றுதான் அறிந்தோம். அவர்கள் இறந்தோரை நினைவுகூர்கையில், அவரவர் விரும்பி உண்டதைச் சமைத்து அவர்தம் படத்தின் முன் வைக்கின்றார்கள். பாட்டியாரின் தட்டில் தமால் இருந்தது. சோள மாவில் இறைச்சி பொதிந்து, கதிரின் மேலுறையில் சுற்றி ஆவியில் அவித்தது. நம் கொழுக்கட்டையின் தூரத்து உறவு.

அந்நாள் மாலைத் திருப்பலிக்குப் பின் அங்குச் சென்றோம். கடை நிரம்பி வழிந்தது. வந்தவர்களுள் பலர் இப்போது பில்சனில் வாழ்பவர் அல்லர். சிசரோ, பெர்வின் போன்ற புறநகர்களுக்குப் பெயர்ந்தவர்கள். பாட்டியாரின் நினைவிற்காகத் திரும்பி வந்தவர்கள். கையில் பொருளுள்ளோர் குடியேறுவதால் அப்பகுதியில் வாடகை உயர்ந்துகொண்டே போகின்றது. 2000ஆம் ஆண்டுக்குப் பின் ஆயிரக்கணக்கான மெக்சிக்கக் குடும்பத்தினர் வெளியேறிவிட்டனர். "புதியவர்களுக்கு எங்கள் தாக்கோ மிகவும் பிடிக்கின்றது, பாத்ரே. தெருவும் பிடிக்கின்றது. நாங்கள்தாம் இங்கு இருக்க முடியவில்லை" என்றார் உரிமையாளர் அம்மையார். புகாராகச் சொல்லவில்லை, மாவைப் பிசைந்துகொண்டே சொன்னார். மறு ஆண்டு வாடகை ஒப்பந்தம் முடிகின்றதாம். தானியத்தை எடுத்துக்கொண்டு கையை விட்டுவிடும் அப்பழங்கதையின் புதிய அதிகாரமோ இது என்று எண்ணினோம்.

அப்பொழுது அப்பெண் ஒரு துண்டுத் தாளையும் எழுதுகோலையும் நம்மிடம் நீட்டி, "உங்களுக்கும் யாராவது இருப்பார்களே, பாத்ரே, பெயர் எழுதி வையுங்கள்" என்றாள். நாம் நம் அன்னையின் பெயரைத் தமிழில் எழுதிப் பாட்டியாரின் படத்தருகே வைத்தோம். அவள் அவ்வெழுத்துகளைச் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, "உங்கள் அம்மாவுக்கு எது பிடிக்கும்? இருந்தால் ஒரு தட்டில் வைக்கிறேன்" என்றாள்.

நாம் வாய் திறந்தோம், விடை வரவில்லை.

அன்னை என்ன சமைப்பார் என்பது தெரியும். கம்பங்கூழும் கருவாட்டுக் குழம்பும், பாஸ்குத் திருநாளன்று ஆட்டிறைச்சியும். நமக்கு எது பிடிக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். குருமடத்திலிருந்து விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அதுவே இலையில் இருக்கும். ஒருமுறை குருமடத்துத் தோழர்கள் உடன் வந்திருந்தபோது, "கூழை வெளியே கொண்டு வராதே, அம்மா" என்று அடுக்களை வாயிலில் நின்று தாழ்ந்த குரலில் சொன்னோம். அவர் தலையசைத்து, கடன் வாங்கிய அரிசியைச் சோறாக்கினார். தாம் என்ன உண்டார் என்று நாம் கேட்கவில்லை. அவருக்கு எது பிடிக்கும் என்று அவர் வாழ்ந்த நாளில் ஒருபோதும் கேட்கவில்லை.

நம் தயக்கத்தைக் கண்ட உரிமையாளர் அம்மையார், ஒரு குவளையில் சோளக்கூழ் ஊற்றிக்கொண்டு வந்தார். அத்தோலே என்று பெயர். சூடான, கெட்டியான கூழ். "அம்மாமார் எல்லாருக்கும் இது பிடிக்கும்" என்று சொல்லி அத்தாளின் அருகே வைத்தார். நாம் ஒளித்துவைக்கச் சொன்ன கூழ், எட்டாயிரம் மைலுக்கு அப்பால், மலர்களுக்கும் மெழுகுதிரிகளுக்கும் நடுவே, எல்லார் காணவும் ஆவி பறக்க இருந்தது.

அன்புள்ள குடும்பத்தாரே, சிகாகோ சென்றால் எந்தக் கடையில் உண்பது நன்று என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அக்கடை இன்னும் அத்தெருமுனையில் இருக்கின்றதா என்பதையும் நாம் அறியோம். நீங்கள் எங்குச் சென்றாலும், சிறிய கடையைக் கண்டு தயங்காதீர்கள். விலையைக் கேட்பதற்கு முன் பரிமாறுபவரின் முகத்தைப் பாருங்கள். நம் ஊர் உணவகங்களிலேயே வடமாநிலத்து இளைஞர்கள் இன்று நம் இலையில் பரிமாறுகின்றார்கள். அவர்கள் உண்டார்களா என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதுண்டா?

ஆனால் அதற்கும் முந்தியதொரு கடமை உண்டு. இன்றிரவு உங்கள் வீட்டு அடுப்படியில் நிற்பவரிடம், "உனக்கு எது பிடிக்கும்?" என்று கேளுங்கள். "எனக்கென்ன, நீங்கள் சாப்பிட்டால் போதும்" என்றுதான் முதலில் சொல்வார். அதோடு விட்டுவிடாதீர்கள், மறுபடியும் கேளுங்கள். விடை வந்ததும் அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் ஒருவர் உங்களிடம் கேட்கும்போது, நம்மைப்போல் நீங்கள் வாயடைத்து நிற்க வேண்டியதிராது.